வன்னியில் ஒலித்த இரட்டைப் பெயர்கள்

வன்னிப் பெருநிலத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்த பெரியோர்கள், அந்நிலத்தை ஆண்ட வன்னிமைகளின் வமிசங்களையும், காட்டுக்குள்ளே தூர்ந்து கிடந்து பின்னர் திருத்தப்பெற்ற குளங்களையும், 1803 ஆம் ஆண்டிலே முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் படைநிலையைப் பண்டாரவன்னியன் தாக்கிக் கைப்பற்றிய வீரச்செயலையும், வட்டாப்பளைக் கண்ணகையம்மனின் மகிமையையும் விரித்து எழுதினார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும், பகலெல்லாம் அரிவி வெட்டிச் சூடு மிதித்து, பொழுது சாய்ந்தபின் முற்றத்திலே பாயை விரித்து உடம்பை ஆற்றிக்கொண்டிருந்த ஜனங்களின் காதில் இருபதாம் நூற்றாண்டிலே எந்தப் பாட்டு விழுந்தது, அந்தப் பாட்டின் தாளம் எந்தத் தேசத்திலிருந்து புறப்பட்டு எந்த வழியாய் வந்து சேர்ந்தது, அதை அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யாவர் என்னும் விஷயங்களை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. ஒரு நிலத்து மக்கள் எதைக் கேட்டு மகிழ்ந்தார்கள் என்பதும் அந்நிலத்தின் சரித்திரமே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் சென்று குடியேறிய கியூபா, பிறேசில் முதலிய தேசங்களிலே, அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் மேளத்தோடு ஐரோப்பியரின் கித்தார் கலந்து உருவாகிய தாளங்களை லத்தீன் தாளங்கள் என்று இன்று உலகம் வழங்குகின்றது. இத்தாளங்களும் இவற்றுக்கு உறவான பைலாவும் தமிழ்ப் பாட்டுக்குள்ளே புகுந்த வரலாற்றை ஆராயும்போது, அவற்றை அழைத்து வந்தவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து தொழில் செய்தவர்கள் என்பது கண்ணிற்படுகின்றது. சென்னையிலே விசுவநாதன் – ராமமூர்த்தி. திருகோணமலையிலே பரமேஷ் – கோணேஷ். இரட்டைப் பெயர் நமக்குப் புதிதன்று. கோயில் வீதியிலே இரண்டு நாதஸ்வரக்காரர் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து ஊதுவதை நாம் தலைமுறை தலைமுறையாய்க் கேட்டு வந்திருக்கிறோம். கண் தெரியாதவர் ஒருவரும் கால் வழங்காதவர் ஒருவருமாகிய இரட்டைப்புலவர், ஒருவர் பாடிய முற்பாதியை மற்றவர் பிற்பாதி பாடி நிறைவு செய்தனர் என்னும் கதையைப் படியாதவர் இலர். லத்தீன் தாளம் வழங்கும் தேசங்களிலும் இவ்வழக்கம் உண்டு. ஸ்பெயினின் தென்பகுதியைச் சேர்ந்த லொஸ் டெல் ரியோ என்னும் இருவர், 1962 முதல் தம் நாட்டுத் திருவிழாக்களிலும் விருந்துகளிலும் ஒருங்கே பாடி நடுவயதை அடைந்த பின்னர், 1993 இல் வெளியிட்ட மகரேனா என்னும் பாட்டு, பிற்பாடு புது உருப்பெற்று 1996 இல் உலகெங்கும் ஒலித்தது. முப்பது வருஷங்களுக்கு மேல் இருவர் ஒரே பெயரில் நிலைத்து நிற்பது கலையுலகிலே எளிய காரியமன்று.

இலங்கைக்கு இத்தாளம் இரண்டு வழிகளால் வந்தது. முதலாவது கடல்வழி. 1505 இல் இத்தீவிலே காலடி வைத்து, 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் யாவற்றையும் இழந்து சென்ற போர்த்துக்கேயர், கத்தோலிக்க சமயத்தையும் பல சொற்களையும் விட்டுச் சென்றதுபோலவே தம்முடைய ஆட்டப்பாட்டையும் விட்டுச் சென்றனர். அவர்களாற் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியிலே இன்றும் வாழ்ந்து தம் முன்னோர் பாட்டுகளைப் பாடுகின்றனர். மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவத்தையும் கப்ரிஞ்ஞா என்னும் ஆட்டத்தையும் காத்து வந்தனர். வயலினும் கித்தாரும் கைமேளமும் சேர்ந்து ஒலித்த அந்த ஆட்டப்பாட்டே தென்னிலங்கையின் கரையோரங்களிலே சிங்களச் சொற்களை ஏற்றுப் பைலா ஆயிற்று. பொலிஸ் உத்தியோகத்தராய் இருந்த வொலி பஸ்தியன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அதற்கு மேடையும் வானொலியும் தேடிக்கொடுத்தார். பின்னர், 1956 இல் ஹரி பெலபொன்டே என்னும் கறுப்பினப் பாடகர் வெளியிட்ட கலிப்சோ இசைத்தட்டு உலகை வசீகரித்த காலத்திலே, கொழும்பைச் சூழ்ந்த இளைஞர்கள் கித்தாருங் கையுமாய்க் கிளம்பி, தம் குழுக்களுக்கு லொஸ் கபலேரோஸ், லொஸ் முச்சாச்சோஸ் என்று ஸ்பானியப் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர்.

இந்தப் பைலாத் தாளம் தமிழரின் காதுக்கு ஏன் அந்நியமாய்ப் படவில்லை என்பதைச் சற்று நின்று விளக்க வேண்டும். அது ஆறு மாத்திரை கொண்டது. அந்த ஆறும் மூன்று மூன்றாய்ப் பிரிந்து ‘தகிட தகிட’ என்று நடக்கும். சில வேளை அதே ஆறு இரண்டு இரண்டாய்ப் பிரிந்து, முன்னைய நடையோடு மோதுவதுபோலப் பாவனை செய்து, மீண்டும் அதனோடு ஒன்றிவிடும். நம் சங்கீத சாஸ்திரத்திலே இதைத் திஸ்ர நடை என்பர். கும்மியின் நடை இது. காவடிச் சிந்தின் நடையும் இது. முல்லைத்தீவுப் பகுதிக்கே உரிய கோவலன் கூத்தின் மத்தள அடியையும், கரகத்தையும், காவடியையும் கேட்டு வளர்ந்த ஒருவன் பைலாவை முதன்முதலிற் கேட்டபோது அவன் கால் தானாக அசைந்ததென்றால், அது அந்நிய மோகமன்று. அவன் உடம்பு ஏற்கெனவே அறிந்த கணக்கு அது. பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் பாடி வயலைக் காத்த மக்கள், அரியாத்தை என்னும் வன்னிப் பெண்ணின் கதையை ஒப்பாரியாகப் பாடிப் போற்றிய மக்கள், தாளத்தில் வறியவர்கள் அல்லர். வன்னியைக் காடென்றும், அங்கே கலைக்கு இடமில்லையென்றும் பட்டினவாசிகள் எண்ணியதுண்டு, அவ்வெண்ணம் அறியாமையின்பாற்பட்டது.

இரண்டாவது வழி ஆகாயவழி. 1949 இல் ரேடியோ சிலோன் என்று பெயர்பெற்று, 1967 இல் கூட்டுத்தாபனமாகிய இலங்கை வானொலி, வட இலங்கையின் காட்டூர்களையும் சென்னையின் பாட்டுச் சாலைகளையும் ஒரே இரவிலே இணைத்தது. சினிமாக் கொட்டகைக்குப் போவதென்றால் வண்டில் கட்டிக்கொண்டோ பஸ் ஏறியோ நெடுந்தூரம் போக வேண்டியிருந்த முத்தையன்கட்டு, நெடுங்கேணி, கண்டாவளை போன்ற ஊர்களிலே, படத்தைப் பாராதவரும் படத்தின் பாட்டுகளை வரிசைக்கிரமமாய் அறிந்திருந்தனர். தேத்தண்ணிக்கடை றேடியோவைச் சூழ்ந்து நின்று கேட்டவர்களுக்கு, ஒலிபரப்பாளர் மயில்வாகனனின் குரல் வீட்டு மனுஷனின் குரல்போலப் பழக்கமாயிருந்தது. பாட்டுக்கு முன்னே அவர்கள் கேட்ட பெயர்களிலே, ‘இசை விசுவநாதன் ராமமூர்த்தி’ என்னும் இணைப்பெயர் 1950 களின் நடுவிலிருந்து 1965 வரையில் அடிக்கடி ஒலித்தது.

அவ்விருவரின் தொழில்வாழ்வை விரிவாய்ச் சொல்லவேண்டும். ராமமூர்த்தி 1922 இல் திருச்சிராப்பள்ளியிலே, வயலின் வித்துவான்களின் வமிசத்திற் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரர். விசுவநாதன் 1928 இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியிற் பிறந்து, இளமையிலே தந்தையை இழந்து, ஜுபிட்டர் பட நிறுவனத்தில் எடுபிடிப் பையனாய்ச் சேர்ந்து, சங்கீதத் துறைக்குள் வந்தவர். சாஸ்திரீய பரம்பரையின் வயலினும், பரம்பரை ஏதுமில்லாத ஆர்மோனியமும், சி. ஆர். சுப்பராமன் என்னும் இசையமைப்பாளரின் குழுவிலே சந்தித்தன. 1952 இல் சுப்பராமன் இளவயதிலே காலமாக, அவர் முடியாமல் விட்டுச்சென்ற தேவதாஸ் முதலிய படங்களின் வேலையை இருவரும் சேர்ந்து முடித்தனர். அதே ஆண்டிலே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தாம் இயக்கிய ‘பணம்’ என்னும் படத்துக்கு இவ்விருவரையும் இசையமைப்பாளராக்கி, வயதில் இளையவர் பெயரை முன்னும் மூத்தவர் பெயரைப் பின்னுமாக வைத்தார் என்றும், மூத்தவர் பின்னின்று இளையவரைத் தாங்க வேண்டுமென்று அதற்குக் காரணம் கூறினார் என்றும் சொல்வர். அவ்வாறே பதின்மூன்று வருஷங்கள் நடந்தது. விசுவநாதன் மெட்டைப் பொழிய, ராமமூர்த்தி வாத்தியங்களை ஒழுங்குபடுத்தி அதை உருவாக்குவார் என்பது அவர்களோடு பழகியவர்கள் கூறுவது.

பாசமலர், பாவமன்னிப்பு, பாலும் பழமும் ஆகிய மூன்றும் 1961 என்னும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை. 1963 இல் சிவாஜி கணேசன் அவர்களுக்கு மெல்லிசை மன்னர்கள் என்னும் பட்டத்தைச் சூட்டினார். அதற்கு அடுத்த ஆண்டுதான் லத்தீன் தாளம் தமிழ்ப் பாட்டிலே பூரண கம்பீரத்தோடு அமர்ந்த ஆண்டு என்று நான் கருதுகின்றேன். 1964 இல் வெளிவந்த ‘புதிய பறவை’யில் சௌகார் ஜானகி மேடையிலே பாடுவதாய் அமைந்த பாட்டையும், ‘காதலிக்க நேரமில்லை’யின் துள்ளற் பாட்டுகளையும் கேட்கிறவர், 1950 களின் இறுதியிலே பிறேசிலிற் பிறந்த பொசாநோவாவும், கியூபாவின் ரும்பாவும் சாசாவும், தமிழ்ச் சொல்லின் குறில் நெடிலுக்கு இணங்கி நடப்பதை உணர்வார். அதே ஆண்டிலே அதே இருவர் ‘கர்ணன்’ படத்துக்கு வட இந்திய ராகங்களின் கம்பீரத்தை வழங்கினர் என்பதையும் மறத்தலாகாது. புதியதை எடுத்தவர்கள் பழையதை விட்டுவிட்டவர்கள் அல்லர். கிருஷ்ணன் – பஞ்சு என்னும் மற்றோர் இரட்டையர் இயக்கி அதே வருஷத்தில் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்திலே, பாட்டுப் பதிவுசெய்யும் கூடமே காட்சியாக்கப்பட்டு, விசுவநாதன் திரையிலே தோன்றி வாத்தியக்காரரை நடத்துகின்றார். காதால் மட்டும் கேட்டுவந்த ஒலிகள் எந்தக் கருவியிலிருந்து எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தமிழ் ஜனங்கள் பலர் கண்ணாற் கண்டது அக்காட்சியிலே.

அக்கருவிகளுள் எங்கள் பக்கத்து இளைஞரைப் பெரிதும் கவர்ந்தது பொங்கோஸ். இரண்டு சிறிய மேளங்களை ஒரு கட்டையாற் பிணைத்து, இரு முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, விரல்நுனிகளாலே தட்டுகின்ற வாத்தியம் அது. சற்றுப் பெரியதைப் பெண் என்றும் சிறியதை ஆண் என்றும் கியூபா நாட்டார் வழங்குவர். சிறியது இடைவிடாது பேசிக்கொண்டிருக்க, பெரியது உரிய இடத்தில் ஒருமுறை பதில் சொல்லும். உடுக்கும் பறையும் மத்தளமும் அறிந்த கைகளுக்கு அதன் வித்தை பிடிபடக் காலம் வேண்டியிருக்கவில்லை.

1965 இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு அவ்விருவரும் பிரிந்தனர். பிரிவின் காரணத்தைப் பலர் பலவாறாய்ப் பேசினர். பேசியதால் ஒரு பயனும் விளையவில்லை. விசுவநாதன் தனியே மேலும் பல ஆண்டுகள் புகழோடு நிலைத்தார். ராமமூர்த்தி தனியே இசையமைத்த படங்கள் சிலவே. தனித்தனியே அவர்கள் செய்தவற்றிலும் சிறந்தவை உண்டு. ஆயினும் அந்நியத் தாளம் ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாக வேண்டுமானால், வெளியே சென்று அழைத்து வருகின்ற ஒருவரும், வீட்டின் முறைதலைகளை அறிந்து அதை இருத்துகின்ற ஒருவரும் வேண்டும் என்பதை அந்தப் பதின்மூன்று வருஷங்களின் பாட்டுகளே காட்டுகின்றன. இரட்டையர் பிரிந்த பின்னும் அவர்கள் விதைத்த தாளம் நிற்கவில்லை. அது அக்கரையில் சினிமாவாக இருந்தது. இக்கரையிலே தனக்கென்று ஒரு மேடையைத் தேடிற்று.

அந்த மேடையே ஈழத்துப் பொப்பிசை. துள்ளிசை என்றும் அதனை வழங்குவர். அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் அது ஓங்கியது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்னும் பாட்டுகளாலே, யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை அப்படியே பைலாத் தாளத்தில் ஏற்றினார். சினிமாப் பாட்டிலே ‘அன்பே’, ‘கண்ணே’ என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு, மாமி என்றும் மச்சாள் என்றும் தம் குடும்பத்துச் சொற்களே பாட்டாகி வந்தது பெரிய உவகையைக் கொடுத்தது. ஏ. ஈ. மனோகரன், சிங்களப் பைலாவாக வழங்கிய சுராங்கனியைத் தமிழோடு பிணைத்துப் பாடிப் பிரசித்தி பெற்றார். அப்பாட்டு 1977 இல் இளையராஜாவின் இசையிலே ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்நாட்டுப் படத்திலும் ஏறிற்று. இலங்கையிலிருந்து ஒரு மெட்டு பாக்குநீரிணையைக் கடந்து வடக்கே சென்றது அபூர்வ நிகழ்ச்சி. மனோகரன் பின்னர் சென்னைக்குச் சென்று, சிலோன் மனோகர் என்னும் பெயரோடு சினிமாவில் நடித்தார்.

திருகோணமலையின் எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் என்னும் சகோதரர்கள் இவ்வரிசையிலே தனித்து நிற்பவர்கள். ஒருவர் குரலாகவும் ஒருவர் வாத்தியமாகவும் அமைந்து ஒரே இணைப்பெயரில் மேடையேறிய சகோதரர் நம் நாட்டுப் பொப்பிசையில் அரியர். பரமேஷ் பாடிய ‘உனக்குத் தெரியுமா’ என்னும் பாட்டு இசைத்தட்டாக வந்தது. ஈழத்துத் தமிழ்ப் பாடகருள் தம் பாட்டை இசைத்தட்டிற் பதித்தவர்களுக்கு முன்னோடி அவரே என்று கூறுவது வழக்கம். பைலாவின் ஆரவாரம் அவர் பாட்டில் இல்லை. மெல்லிசை மன்னர்களின் காதற்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஓர் இளைஞனின் மென்மை அதிலே இருந்தது. கொக்கிளாய்க் கடனீரேரியைத் தாண்டினால் தென்னமரவடி, அதற்கப்பால் திருகோணமலை என்று கிழக்குக் கரையோடு நெருங்கிய தொடர்புடைய முல்லைத்தீவு மக்களுக்கு, அச்சகோதரர்கள் அயலூர்ப் பிள்ளைகள்.

எழுபதுகளிலே இவ்விசை ஓங்கியதற்கு அரசியற் பொருளாதாரக் காரணமும் உண்டு. 1970 இல் பதவிக்கு வந்த சிறிமாவோ அம்மையாரின் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் படங்களும் தாராளமாய் வருவது குறைந்தபோது, உள்நாட்டு எழுத்தும் பாட்டும் படமும் தலைநிமிர்ந்தன. இலங்கை வானொலியிலே எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் ஈழத்து மெல்லிசைக்கு உழைத்தது அக்காலத்தில்தான். அதே கட்டுப்பாட்டினாலே மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராமையால், அவற்றை விளைவித்த வடபகுதிக் கமக்காரர் கையிலே முன்னொருபோதும் காணாத பணம் புழங்கிற்று. இரணைமடு நீரை நம்பி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும், விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் அமைந்த இளைஞர் குடியேற்றத் திட்டங்களிலே காடு வெட்டி மிளகாய் நட்ட படித்த பிள்ளைகளும், முல்லியவளையிலும் தண்ணீரூற்றிலும் ஆதிதொட்டு வாழ்ந்த குடிகளும், பாணையும் அரிசியையும் காணாமல் வரிசையில் நின்ற நகரவாசிகளைவிட அந்நாளிலே செழிப்பாக வாழ்ந்தனர். அந்தப் பணத்தின் ஒரு பங்கு கோயில் திருவிழாவுக்குப் போயிற்று. திருவிழாவின் ஒரு பங்கு இசைக்கோஷ்டிக்குப் போயிற்று.

முன்னர் திருவிழா இரவுகளிலே நடைபெற்ற சின்னமேளம் என்னும் ஆட்டக் கச்சேரி மெல்ல மறைந்த இடத்தை இக்கோஷ்டிகள் நிரப்பின. அறுவடை முடிந்த வயலிலோ கோயில் வெளிவீதியிலோ இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளை ஒட்டி நிறுத்தி, மேலே பலகை பரப்பினால் மேடை ஆயிற்று. சற்றுத் தொலைவிலே லைற் மெசின் இரைந்துகொண்டிருக்கும். முன்வரிசைப் பாய்களிலே பிள்ளைகள் உறங்க, கரைகளிலே வயோதிபர் அமர்ந்திருப்பர். பிள்ளையார்மீதும் அம்மன்மீதும் பக்திப்பாட்டிலே தொடங்கி, சினிமாப் பாட்டுக்கு வந்து, நடுச்சாமம் கழிந்ததும் பொப்பிசைக்கு மாறுவது ஒழுங்கு. அவ்வொழுங்கு மாறாமலிருந்ததிலே ஒரு நயம் உண்டு. பெரியவர்கள் எழுந்து போவதற்கு நேரம் கொடுத்துத்தான் இளைஞர்கள் ஆடினார்கள். கோயிற் சந்நிதியிலே பைலாவா என்று கண்டித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் மனவருத்தம் போலியானதன்று. என்றாலும், கோயிலுக்குக் கொடிபிடித்து வந்தவர்களும் மேடைக்கு முன்னே கூடியவர்களும் ஒரே ஜனங்களே.

1977 இன் இனக்கலவரத்தின் பின்னே மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து அகதிகளாய் வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மக்கள், தப்பையும் காமன் கூத்தையும் கொண்டு வந்தனர். அதே ஆண்டிலே ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட, ஒலிநாடாப் பெட்டிகள் ஏராளமாய் வந்தன. இசைத்தட்டின் காலம் முடிவுக்கு வந்தது. இறக்குமதி மிளகாய் மலிந்து கமக்காரர் நொடித்துப்போனதும் அக்காலந்தான்.

பின்னர் வந்தது யுத்தம். 1990 ஜூனிலே யாழ்தேவிப் புகைவண்டி நின்றது, மின்சாரம் நின்றது, உலர்மின்கலம் முதலாய பொருள்கள் வன்னிக்குள் வரத் தடைவிதிக்கப்பட்டது. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கு வெளிச்சத்திலே பிள்ளைகள் படித்த காலம் அது. அந்தக் காலத்திலும் ஜனங்கள் பாட்டுக் கேட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்திற் படிய நிறுத்தி, டைனமோவின் தலையைப் பின்சில்லின் ரயரோடு அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயர்களை எடுத்து, நேர்மின்னோட்டமாக்கும் சிறு உறுப்பொன்றின் வழியாக றேடியோவுக்கோ ஒலிநாடாப் பெட்டிக்கோ கொடுத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்றுவார். சுற்றும் வேகம் தளர்ந்தால் நாடா இழுபட்டு, பாடுகிறவர் குரல் தடித்து, துள்ளற் பாட்டும் ஒப்பாரியாய் ஒலிக்கும். உடனே சூழ இருந்தவர்கள் சத்தமிட, அடுத்தவர் கைமாற்றிச் சுற்றத் தொடங்குவார். ஒரு பாட்டை முழுதாய்க் கேட்பதற்கு ஒரு மனிதனின் தோள்வலி செலவாயிற்று. இசையின்மீது எங்கள் மக்கள் வைத்த பிரியத்துக்கு இதனினும் பெரிய சாட்சியை நான் அறியேன்.

முப்பது வருஷப் பிரிவின் பின்னே விசுவநாதனும் ராமமூர்த்தியும் மீண்டும் ஒருங்குசேர்ந்து இசையமைத்த ‘எங்கிருந்தோ வந்தான்’ 1995 இல் வெளிவந்தது. அவ்வாண்டின் ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்காய் ஓரிரவிலே வீடுகளைவிட்டு வெளியேறி, அவர்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக் காடுகளை அடைந்தனர். அக்கால வன்னியின் பாட்டு வேறு விதமாயிற்று. போராட்டப் பாடல்களே எங்கும் ஒலித்தன. அவற்றைப் பாடியவர்களுட் பிரசித்தி பெற்றவரும், பக்திப் பாடல்களும் பல பாடியவருமாகிய எஸ். ஜி. சாந்தன் 2017 பெப்ரவரியிலே காலமானார். உற்றுக் கேட்பவருக்கு ஓர் உண்மை புலப்படும்: சொல் மாறியபோதும், அப்பாட்டுகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்த கைகளிற் பல, திருவிழா மேடைகளிலே பொப்பிசைக்குத் தட்டிப் பழகிய கைகளே. 2009 இன் முதல் ஐந்து மாதங்களிலே கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து முள்ளிவாய்க்காலிலே முடிந்த அந்த இடப்பெயர்விலே, உயிர்களே இழக்கப்பட்டபோது, வாத்தியங்களையும் ஒலிநாடாக்களையும் திருவிழா நோட்டீசுகளையும் காத்தவர் யார்? வன்னியின் மேடைச் சரித்திரத்துக்கு எழுத்துச் சான்று அருகியதற்குக் காரணம் இதுவே.

2013 செப்டெம்பரிலே புகைவண்டி மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரிலிலே ராமமூர்த்தி மறைந்திருந்தார். 2015 ஜூலையிலே விசுவநாதனும், 2018 ஜனவரியிலே சென்னையில் மனோகரனும் காலமாயினர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிலே வாழ்கின்றார். இன்று பரந்தனிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு கலியாண மண்டபத்திலே பாடுகின்ற பிள்ளைகள், விசைப்பலகையில் ஒரு பொத்தானை அமுக்கியதும் அந்த ஆறு மாத்திரைத் தாளம் தானே ஓடத் தொடங்க, அதன்மேலே ‘சின்ன மாமியே’யைப் பாடுகின்றனர், மண்டபத்திலே மூன்று தலைமுறையினரும் சேர்ந்து கைதட்டுகின்றனர்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பாடிய பெரிய பாடகர்களின் பெயர்கள் எவ்வாறேனும் நிலைத்துவிட்டன. உழவு இயந்திரப் பெட்டியின் மேலே நின்று பாடிய, பொங்கோஸ் தட்டிய, அக்கோடியன் இழுத்த வன்னிக் கலைஞர்களின் பெயர்கள் அவ்வாறு நிலைக்கவில்லை. அவர்களுள் எஞ்சியிருப்பவர்கள் எழுபது வயதைக் கடந்தவர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பாடசாலைகளிலே சரித்திரமும் சங்கீதமும் கற்பிக்கும் ஆசிரியர்கள், தத்தம் ஊரிலே எந்தத் திருவிழாவில் எந்த வருஷம் எந்தக் கோஷ்டி பாடியது, வாத்தியம் யாரிடம் வாங்கியது, எவ்வளவு காசு கொடுக்கப்பட்டது, முதற்பாட்டு எது, விடியும்வரை எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பவற்றை அப்பெரியவர்களிடம் மாணவரைக் கொண்டு கேட்பித்து எழுதுவிப்பார்களானால், குளங்களையும் கோட்டைகளையும் பற்றி எழுதப்பட்ட நூல்களுக்குப் பக்கத்திலே வைப்பதற்கு ஒரு நூல் உருவாகும். அதை இந்த வருஷமே தொடங்க வேண்டும்.